பதவியும் தேர்தல் அறமும்: 1952 சென்னை மாநிலச் சட்டமன்றத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தேர்தலில் பணத்தின் பங்கு பரவலாகப் பேசப்படுகிறது. பதவியின் பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேட்பாளருக்கு விலையாகத் தரப்படும் வேலையைச் சட்டம் குற்றமாகக் கருதுகிறது. வென்ற உறுப்பினருக்குத் தரப்படும் பதவியை அது நெடுங்காலம் தொடவே இல்லை. இவ்வேறுபாட்டின் வரலாற்றையும் அறத்தையும் 1952ஆம் ஆண்டு நிகழ்வுகளின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தேர்தல் கையூட்டு, அமைச்சர் பதவி, மதுரை வடக்கு, பி. இராமமூர்த்தி, கட்சித் தாவல்

முன்னுரை

மதுரையை அடுத்த திருமங்கலத்தில் 2009 சனவரியில் நடைபெற்ற இடைத்தேர்தலுக்குப் பின், அவ்வூரின் பெயர் வாக்குக்குப் பணம் என்பதன் மறுபெயராகவே வழங்கலாயிற்று. ஆயினும் வாக்கின் பயனை மாற்றவல்லது பணம் மட்டுமன்று. போட்டியிலிருந்து விலகுவோருக்கு வாரியத் தலைமை, அணி மாறுவோருக்கு அமைச்சர் பதவி என்றவாறு பதவியும் ஒரு நாணயமாகப் புழங்கக்கூடும். பணம் வாக்காளரின் கைக்கு வருகிறது. பதவியோ வாக்காளரைக் கடந்து, அவர் தேர்ந்தெடுத்தவரின் கைக்குப் போகிறது. ஆகவே இதில் வாக்காளர் குற்றத்தில் பங்காளி அல்லர். இழப்பில் மட்டுமே பங்காளி.

சட்டத்தின் தோற்றம்

வாக்காளருக்குப் பதவியோ வேலையோ தருவதாக உறுதியளிப்பதைக் கையூட்டு என வரையறுத்தது 1854ஆம் ஆண்டின் பிரித்தானியத் தேர்தல் ஊழல் தடுப்புச் சட்டம். இந்தியாவில் 1920ஆம் ஆண்டின் 39ஆவது சட்டம் தேர்தல் குற்றங்களை இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தது. அதன் 171அ பிரிவு, வாக்களிக்கும் உரிமையை மட்டுமன்றி, வேட்பாளராக நிற்கவும் நிற்காதிருக்கவும் விலகவும் உள்ள உரிமையையும் தேர்தல் உரிமை என்றே கொண்டது. அவ்வுரிமையைப் பயன்படுத்தத் தூண்டும் ஆதாயம் கையூட்டாயிற்று. பொதுக்கொள்கை அறிவிப்பிற்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இன்று இவ்விதிகள் பாரதிய நியாய சன்ஹிதாவில் தொடர்கின்றன.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951 இதனை மேலும் தெளிவாக்கியது. அதன் 123(1) பிரிவின் விளக்கம், ஆதாயம் என்பது பணத்தால் அளவிடத்தக்கதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை எனவும், ஊதியத்துடன் கூடிய எல்லா வகை வேலைகளும் அதனுள் அடங்கும் எனவும் கூறுகிறது. எனினும் மோகன் சிங் எதிர் பன்வர்லால் வழக்கில் (1964) உச்ச நீதிமன்றம் இவ்விளக்கத்திற்கு ஓர் எல்லை வகுத்தது. வேலை பெற உதவுவதாகக் கூறுவது மட்டும் ஆதாயம் ஆகாது என்பது அத்தீர்ப்பின் நிலைப்பாடு. பதவிப் பேரங்கள் பெரும்பாலும் 'பார்த்துக்கொள்கிறோம்' என்ற வாய்மொழியில் நிகழ்பவை. ஆதலின், சட்டம் தன் முதல் வாயிலிலேயே ஓர் இடைவெளியை விட்டுவிட்டது எனலாம்.

1952: சென்னையும் மதுரையும்

இரண்டாம் வாயில், வாக்கு எண்ணி முடிந்தபின் திறப்பது. 1952 பொதுத்தேர்தலில் 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசு 152 இடங்களையே பெற்றது. இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 62 இடங்கள் கிடைத்தன. எதிர்க்கட்சிகள் டி. பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்து ஆட்சி அமைக்க உரிமை கோரின. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் போட்டியிடாத இராஜாஜியைச் சட்ட மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10 அன்று இராஜாஜி முதலமைச்சரானார்.

மதுரை வடக்குத் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கம்யூனிஸ்டு உறுப்பினரும் தொழிற்சங்கத் தலைவருமான பி. இராமமூர்த்தி இந்நியமனத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. மேலவை நியமனம் இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகத் தொண்டு ஆகியவற்றில் சிறந்தோர்க்கென அரசமைப்பின் 171ஆவது உறுப்பு வகுத்த வழி. அவ்வழியே ஆட்சியமைப்பிற்குரிய கருவியானதே மதுரை உறுப்பினரின் வழக்கு எழக் காரணம்.

பெரும்பான்மைக்குச் சிறு கட்சிகளின் ஆதரவும் தேவைப்பட்டது. காங்கிரசை எதிர்த்து 6 இடங்களில் வென்ற பொதுநலக் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். 19 இடங்கள் பெற்ற தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியின் தலைவர் எஸ். எஸ். இராமசாமி படையாட்சி, 1954இல் காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்றார். இரு கட்சிகளும் பின்னர்க் காங்கிரசில் கரைந்தன. 1952 சூலை 3 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக 200 வாக்குகளும் எதிராக 151 வாக்குகளும் பதிவாயின.

அற ஆய்வு

இதனைப் பேரம் என்று மட்டும் முடிவுகட்டுதல் வரலாற்று நேர்மை ஆகாது. காங்கிரசே தனிப்பெரும் கட்சி. அவ்விரு கட்சிகளும் வட, தென் ஆர்க்காட்டுப் பகுதிகளில் தமக்கு உரிய இடம் கிட்டவில்லை என்று கருதிய வன்னியர் சமூகத்தின் குரலாக எழுந்தவை. அமைச்சரவையில் இடம் பெற்றதை அச்சமூகம் தன் வெற்றியாகவும் கண்டிருக்கலாம். எனினும் காங்கிரசுக்கு எதிராக அளிக்கப்பட்ட வாக்கு, அதே வாக்காளரிடம் மீண்டும் கேளாமலே காங்கிரசு அரசைத் தாங்கும் தூணாயிற்று என்பதும் உண்மை.

பின்வந்த திருத்தங்கள் இதனைத் தீர்த்தனவா? 1985ஆம் ஆண்டின் 52ஆவது திருத்தம் கட்சித் தாவலுக்குத் தகுதியிழப்பை விதித்தது. 2003ஆம் ஆண்டின் 91ஆவது திருத்தம் மூன்றில் ஒரு பங்கினர் பிரியலாம் என்ற சலுகையை நீக்கியது. அமைச்சர் எண்ணிக்கையை 15 விழுக்காட்டிற்குள் வரையறுத்தது. தாவித் தகுதியிழந்தோர் அமைச்சராவதையும், 361ஆ உறுப்பின்வழி ஊதியமுள்ள அரசியல் பதவி வகிப்பதையும் தடுத்தது. எனினும் அத்தடை, உறுப்பினரின் பதவிக்காலம் முடியும் வரை அல்லது அவர் மீண்டும் வெல்லும் வரை மட்டுமே. கருநாடகத்தில் 2019இல் பதவி விலகித் தகுதியிழந்தோருள் இடைத்தேர்தலில் வென்ற பலர் 2020இல் அமைச்சராயினர். 1952 நிகழ்வை இன்றைய சட்டத்தால் அளந்தாலும் அது குற்றமாகாது: கூட்டணி சேர்வது தாவல் அன்று; மூன்றில் இரு பங்கினர் உடன்படும் கட்சி இணைப்பிற்கும் விலக்கு உண்டு.

முடிவுரை

திருக்குறள் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்து, பணிக்குரியவரை ஆராய்ந்து பணியை ஒப்படைக்கச் சொல்கிறது. அங்குப் பதவிக்கு அளவுகோல் தகுதி. பேரத்தில் அளவுகோல் எண்ணிக்கை. சட்டம் இவ்விரண்டையும் முற்றாகப் பிரித்தறிய இயலாத நிலையில் மூன்று வினாக்கள் துணைசெய்யும். இவ்வுடன்பாடு வாக்கெடுப்பிற்கு முன்னர் வாக்காளருக்குத் தெரிந்திருந்ததா? பதவியோடு, அக்கட்சி மக்களுக்கு அளித்த கொள்கையும் அரசில் இடம்பெற்றதா? உடன்பாடு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டதா? மூன்றிற்கும் 'ஆம்' என்பது விடையாயின் அது கூட்டணி. மூன்றிற்கும் 'இல்லை' எனின் அது விற்பனை. 1952இன் நிகழ்வு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. மதுரை வடக்கின் உறுப்பினர் நீதிமன்றத்தில் தோற்றார். ஆனால் அவர் தொகுதி மக்களைப் போன்ற வாக்காளரின் கேள்வி, அதாவது தம் வாக்கிற்குப் பின் நிகழும் பதவி வழங்கலில் தமக்கு என்ன உரிமை என்பது, இன்றும் விடை காணப்படாமலே இருக்கிறது.