கழுவ ஒன்று, காக்க ஒன்று

புதுச்சேரியில் ஒரு வீட்டுக்குள் ஹூக்கா இரண்டு வழிகளில் வந்து சேரலாம். இணையத்தில் வாங்கிய புதிய கண்ணாடி ஹூக்கா ஒன்று. அதன் குழாய் சிலிக்கோன், அடுப்புக்கரி தனிப் பெட்டியில் வரும். பழம்பொருள் கடையில் பேரம் பேசி வாங்கியதோ, பாட்டன் வீட்டிலிருந்து பங்கு பிரித்து வந்ததோ மற்றொன்று. பித்தளையிலோ பீதர் வேலைப்பாட்டிலோ செய்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். துடைக்கவும் கழுவவும் உட்கார்ந்தால் வேற்றுமை தெரியும். முதலாவதில் அழுக்கைத் தங்கவிட்டால் புகைப்பவருக்குக் கேடு. இரண்டாவதில் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தால் பொருளுக்கே கேடு. இந்த இரண்டையும் ஒரே துணியால் துடைப்பவர்கள்தான் நம்மில் அதிகம் என்பதால் இதை எழுதத் தோன்றியது.

முதலில் கொஞ்சம் பின்கதை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிஜப்பூரிலிருந்து திரும்பிய அசத் பேக் என்ற தூதர்தான் அக்பரின் அவைக்குப் புகையிலையைக் கொண்டுபோனார். அரசவை வைத்தியர்கள் அப்போதே மறுத்துப் பேசினார்கள். 1617இல் ஜகாங்கீர் புகைப்பதைத் தடையும் செய்தார். தடை நிற்கவில்லை. புகை வடக்கிலும் தக்காணத்திலும் பரவியது. ஹூக்கா அரசவை வாழ்வின் அடையாளமாகவே ஆயிற்று. தக்காணத்துப் பீதர் நகரக் கைவினைஞர்கள் வெள்ளி பதித்துச் செய்த ஹூக்கா அடிக்கலங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அந்த அவை வாழ்வு புதுச்சேரிக்கு அந்நியமானதல்ல. 1740இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி மராத்தியரோடு நடந்த போரில் மாண்டபின், அவர் குடும்பத்தார் கவர்னர் துய்மாவிடம் அடைக்கலம் கேட்டு இந்த ஊருக்குத்தான் வந்தார்கள். பத்தாண்டு கழித்து, 1750 டிசம்பரில், தக்காணத்தின் சுபேதாராக முசாபர் ஜங் பட்டம் ஏற்ற விழாவும் கவர்னர் துய்ப்ளேயின் புதுச்சேரியிலேயே நடந்தது. பீதர் அப்போது முசாபர் ஜங்கின் ஆளுகைக்குட்பட்ட ஊர். பிரெஞ்சுப் படைவீரனாக இங்கே கரையிறங்கிய கிளோத் மார்த்தேன், 1760இல் ஆங்கிலேயர் பக்கம் போய், லக்னோவில் பெருஞ்செல்வராக வாழ்ந்தார். அவருடைய நண்பர் கர்னல் பொலியே இந்திய உடையில் ஹூக்காவோடு அமர்ந்திருக்கும் ஓவியம் இன்றும் இருக்கிறது. ஐரோப்பியர் இந்தப் பழக்கத்தை எவ்வளவு ஆசையோடு தம்முடையதாக்கிக்கொண்டார்கள் என்பதற்கு அந்த ஓவியம் போதும். தமிழ்க் குடியானவர் வீட்டில் சுருட்டும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் பிடித்த இடத்தை ஹூக்கா ஒருபோதும் பிடிக்கவில்லை. நம் ஊரில் அது அவைக்கும் பங்களாவுக்கும் உரிய பொருளாகவே இருந்தது.

பங்களாவில் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் இந்த ஒப்பீட்டுக்கு முக்கியம். ஹூக்காபர்தார் என்று அவருக்குப் பெயர். தண்ணீரை மாற்றுவது, குழாயை நனைத்து அலசுவது, சிலிம் என்ற மேற்கிண்ணத்தில் புகையிலையை அடைப்பது, கரியை ஊதிக் கனிய வைப்பது எல்லாம் அவர் வேலை. 1779இல் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் அனுப்பிய விருந்தழைப்பில், ஹூக்காபர்தாரைத் தவிர வேறு பணியாளரை அழைத்து வர வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். விருந்தாளி தன் ஹூக்காவோடும் அதைத் துப்புரவாக்கும் ஆளோடும் வந்தார் என்பது இதில் தெரிகிறது. பொதுக் குழாயை வரிசையாக வாயில் வைக்கும் இன்றைய பழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சுகாதாரத்தில் அந்தக் காலம் முன்னே நிற்கிறது. ஆனால் அந்தத் துப்புரவு முழுக்க ஓர் ஏழையின் உழைப்பு. அந்த ஆள் போனபின் வேலையை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஹூக்கா மட்டும் தங்கிவிட்டது.

இனி, புகைக்கும் ஹூக்காவை எடுத்துக்கொள்வோம். அடிக்கலம், தண்டு, சிலிம், குழாய் என்று நான்கு உறுப்புகள். நான்கிலும் படிவது ஒரே வகை அழுக்கல்ல. தண்டின் உட்புறத்தில் தார் பிசினாக ஒட்டும். அதற்கு நீண்ட தூரிகையும் வெந்நீரும் எலுமிச்சைச் சாறும் வேண்டும். பிறகு சமையல் சோடா போட்டு மறுபடி அலசினால் நாற்றம் குறையும். கண்ணாடிக் கலத்தின் குறுகிய கழுத்துக்குள் கை போகாது. ஒரு பிடி அரிசியும் சிறிது எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் விட்டுக் குலுக்கினால் ஓரங்களில் ஒட்டியது உதிரும். கண்ணாடியில் கொதிநீரை ஊற்றக் கூடாது, விரிசல் விடும். மெருகிடாத மண் சிலிம் சோப்பை உறிஞ்சிக்கொள்ளும், அடுத்த முறை சூடாகும்போது அதுவும் ஆவியாகி மூச்சில் கலக்கும். அதை வெறும் வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். மிக முக்கியமாக, புகைத்து முடித்த உடனே தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்ட தண்ணீர், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே இரவில் நாறத் தொடங்கும்.

குழாய்தான் சிக்கலானது. ஹூக்காவுக்கான புகையிலையில் வெல்லப்பாகோ தேனோ, கிளிசரினும் சேரும். அந்த இனிப்பும் ஈரமும் குழாயின் மடிப்புகளில் தங்கும். புகை அதிகமானால் குழாய்க்குள் ஊதிக் கலத்தைக் காலி செய்வது வழக்கம். ஊதுகிறபோது எச்சிலும் உள்ளே போகிறது. உள்ளே இரும்புச் சுருள் வைத்துத் தோலோ துணியோ சுற்றிய பழைய வகைக் குழாயைக் கழுவினால் துரு பிடிக்கும், கழுவாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். எனவே அதை வாங்காமல் இருப்பதே வழி. சிலிக்கோன் குழாயைக் கழுவி, செங்குத்தாகத் தொங்கவிட்டு முழுதாக உலர்த்தலாம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாய்முனை மாட்டிவிட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது உதட்டை மட்டும் பிரிக்கிறது. குழாயின் உள்ளே எல்லாருடைய மூச்சும் ஒன்றுதான். பகிர்ந்து புகைக்கும் குழாய்கள் காசநோய்க் கிருமியைக் கடத்தக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

கழுவும்போது நேரும் விபத்தையும் சொல்ல வேண்டும். நாற்றம் போகட்டும் என்று பிளீச்சிங் கரைசலையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றுவார்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் மருத்துவமனை வரை கொண்டுபோகும்.

இவ்வளவையும் செய்தாலும் கழுவப்படாத ஒன்று மிஞ்சுகிறது. அது புகை. தண்ணீருக்குள் குமிழியிட்டு வருவதால் புகை சுத்தமாகிவிடுகிறது என்ற நம்பிக்கை ஹூக்காவோடு கூடவே பிறந்தது போலும். தண்ணீர் புகையைக் குளிரவைக்கிறது, தண்ணீரில் கரையும் சிலவற்றைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. குளிர்ந்த புகை தொண்டையை உறுத்தாததால் இன்னும் ஆழமாக இழுக்கிறோம். ஒரு சிகரெட் சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஹூக்கா ஒரு மணி நேரம்கூட நீளும். ஒரே அமர்வில் 100 அல்லது அதற்கும் மேற்பட்ட சிகரெட்டுகளின் அளவுக்குப் புகை உள்ளே போகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிவுரைக் குறிப்பு சொன்னது. புகையிலை கலவாத மூலிகை வகை என்றாலும் கரி அதே கரிதான். குளிர்சாதனம் ஓடும் மூடிய அறையில் தலை சுற்றி, குமட்டி, கண் இருட்டினால் அதைப் போதை என்று எண்ணிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அது நச்சு ஏறும் அறிகுறி. உடனே எழுந்து வெளிக்காற்றுக்குப் போக வேண்டும்.

சட்டமும் இதில் தலையிட்டிருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றம் ஹூக்கா கூடங்களைத் தடை செய்யும் திருத்தத்தை 2022இல் நிறைவேற்றியது. 2023இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. புதுச்சேரி தனி ஆட்சிப்பகுதி, அதற்குத் தனிச் சட்டமன்றம்; அந்தத் திருத்தம் இங்கே செல்லாது. ஆனால் பொது இடத்தில் புகைப்பதற்கு எதிரான 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இங்கும் உண்டு. விடுதிகளில் புகைப்பதற்கென ஒதுக்கிய இடத்தில் எந்தப் பரிமாறலும் கூடாது என்று 2017இல் விதி வந்தது.

பழைய ஹூக்காவுக்கு வருவோம். இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எப்படிப் பளபளப்பாக்குவது' என்பதல்ல; 'இது எந்த உலோகம்' என்பதுதான்.

பித்தளை என்றால் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வேலை: புளி போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்குக்கும் குடத்துக்கும் பரம்பரையாகச் செய்து வருவது அது. தடித்த விளக்கு அதைத் தாங்கும். மெல்லிய தகட்டை அடித்து உருவாக்கிய பழைய ஹூக்காக் கலம் அப்படித் தாங்காது. புளியின் அமிலத்தில் நெடுநேரம் ஊறினால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மேலே நிற்கும். அதனால்தான் அங்கங்கே செந்நிறத் திட்டு தோன்றுகிறது. செதுக்கிய பூக்களும் கொடிகளும் ஒவ்வொரு பொங்கலுக்கும் கொஞ்சம் மழுங்கும். கடைகளில் கிடைக்கும் கண்ணாடி துடைக்கும் திரவம் இன்னும் மோசம். அதில் அம்மோனியா இருக்கலாம். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. லாயத்து அம்மோனியாதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அடித்து உருவாக்கிய பித்தளைக்குள் இழுவிசை தங்கியிருக்கும். அம்மோனியா பட்டால் பித்தளை பிளக்கிறது. தோட்டாவுக்கு நேர்ந்தது ஹூக்காத் தண்டுக்கும் நேரும்.

பீதர் வேலைப்பாடு என்றால் விதிகள் இன்னும் கடுமை. பெரும்பாலும் துத்தநாகமும் சிறிது செம்பும் கலந்து வார்த்து, வெள்ளியைப் பதித்து, பீதர்க் கோட்டை மண்ணோடு நவச்சாரம் கலந்து பூசி, வார்த்த உலோகத்தை மட்டும் கறுக்க வைக்கிறார்கள். அந்தக் கறுப்பு, கைவினைஞர் கொடுத்த நிறம். அதைத் தேய்த்து எடுத்தால் சாம்பல் நிறத் துத்தநாகம் வெளியே வரும், வெள்ளிப் பூ எது, தரை எது என்றே தெரியாது. துத்தநாகத்தை அமிலமும் அரிக்கும், காரமும் அரிக்கும். அதனால் புளி, எலுமிச்சை, சோடா, சோப்புத் தூள் எதுவும் ஆகாது. மென்மையான துணியால் தூசி தட்டி, ஒரு துளி தேங்காயெண்ணெய் தொட்டு லேசாக ஒற்றி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கறுப்பு மீண்டும் ஆழமாகத் தெரியும்.

புதுச்சேரிக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. கடற்கரைச் சாலையிலிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடும் ஈரமும் சேர்ந்தால் செம்பு கலந்த உலோகத்தில் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். ஒருமுறை துடைத்தால் போய்விடும், சில நாளில் அதே இடத்தில் வரும். அப்படித் திரும்ப வந்தால் அது வெறும் களிம்பல்ல; உலோகத்தை உள்ளிருந்து தின்கிறது. கடலைப் பார்த்த ஜன்னலோரத்தில் பித்தளை ஹூக்காவை வைக்கக் கூடாது. வெற்றுக் கையால் அடிக்கடி தொடவும் கூடாது, வியர்வையிலும் உப்புதான். மூடிய அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மழைக்காலம் முழுவதும் பொட்டலத்தை மாற்றி வர வேண்டும். வைசியாள் வீதியின் முகப்புகளைப் பழையபடி மீட்டதற்காக 2008இல் யுனெஸ்கோ விருது பெற்ற ஊர் இது. சுவரைக் காக்கத் தெரிந்த ஊருக்கு அலமாரியில் இருப்பதையும் காக்கத் தெரிய வேண்டும்.

இரண்டு வேலைகளையும் பக்கத்தில் வைத்தால் நேர்மாறான பழக்கங்கள் தேவைப்படுவது தெரிகிறது. புதியதை அடிக்கடி, அழுத்தி, எலுமிச்சை விட்டுக் கழுவ வேண்டும். குழாய் கெட்டால் தயங்காமல் எறிய வேண்டும். பழையதை அரிதாக, மெதுவாக, உலர்ந்த துணியால் தொட வேண்டும். உடைந்த பகுதியையும் எறியக் கூடாது. என் தேர்வு கேட்டால் தயக்கமில்லை: ஹூக்காவுக்கு ஏற்ற இடம் அலமாரி. நுரையீரலுக்குப் பாதுகாப்பான ஹூக்காப் பராமரிப்பு என்று ஒன்று இல்லை. உலோகத்துக்குப் பாதுகாப்பான பராமரிப்பு உண்டு, அது ஒருவர் பழகிக்கொள்ளக் கூடியதும்கூட.

பழையதை ஒருமுறை பற்றவைத்துப் பார்க்கலாமே என்று வீட்டுக்கு வரும் விருந்தினர் கேட்பார்கள். கூடாது. பழைய இணைப்புகளில் காரீயப் பற்று இருக்கலாம். உட்புறத்தில் செம்புக் களிம்பு இருக்கும். கடைக்காரர் பளபளப்புக்குப் பூசிய மெருகு எதுவென்று தெரியாது. சூடும் ஈரமும் பட்டால் இவை மூச்சோடு கலக்கக்கூடும். உள்ளே உலர்ந்து ஒட்டியிருக்கும் பழைய பிசினை மட்டும் சுரண்டாமல் விட்டுவைக்கலாம். அந்தப் பொருள் புழங்கிய காலத்துக்கு அதுவே சாட்சி. தூக்கும்போது கழுத்தைப் பிடிக்காமல், இரண்டு கையாலும் அடிக்கலத்தைத் தாங்கிப் பிடித்துத் தூக்குங்கள். கழுத்தின் பற்றுதான் முதலில் விடும்.