சுவர் இடிந்தும் அழியாத சித்திரம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் பழமொழி. பிற மாநிலங்களில் வாழும் நாம், பீகாரில் வளர்ந்த ஓர் ஓவியக் கலையின் வரலாற்றை அறிந்தால், இப்பழமொழியைச் சற்றே மாற்றிச் சொல்ல விரும்புவோம்.

மிதிலை என்றவுடன் கன்னிமாடத்துச் சீதையைக் கம்பன் நம் கண்முன் நிறுத்துவான். அந்நாடு இன்று பீகாரின் வடபகுதியிலும் அதனை அடுத்துள்ள நேபாளத்திலும் பரந்து கிடக்கின்றது. அங்கே மணமக்கள் தங்கும் அறைக்குக் கோஹ்பர் என்று பெயர். திருமணம் நெருங்கும்போது வீட்டுப் பெண்டிர் கூடி, மண் மெழுகிய அவ்வறைச் சுவரில் தாமரை, மூங்கில், மீன், ஆமை, கிளி ஆகியவற்றை வரைவர். குலம் தழைக்கவேண்டும், மக்கட்பேறு வாய்க்கவேண்டும் என்னும் வாழ்த்தே அங்கு ஓவியமாகின்றது. தாயிடம் மகளும், மாமியாரிடம் மருமகளும் இதனைக் கற்றனர். வரைந்தவர் தம் பெயரை எழுதும் வழக்கம் இல்லை.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பெரும் பூகம்பம் ஒன்று அந்நாட்டை உலுக்கியது. அப்போது மதுபனியில் அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர், இடிந்த வீடுகளைப் பார்வையிடச் சென்றார். அயலார் காணாத உட்சுவர்கள் வெளியே தெரிந்தன, ஓவியங்களும் தெரிந்தன. 1949-இல் ‘மார்க்’ என்னும் கலை இதழில் அவர் அவற்றைப் பற்றி எழுதினார்.

1966, 67-ஆம் ஆண்டுகளில் பீகாரைக் கொடும் பஞ்சம் வாட்டியது. பெண்களுக்கு வருவாய் தேடித்தரவேண்டிப் புபுல் ஜயகர் முயன்றார். அகில இந்தியக் கைவினை வாரியத்தின் சார்பில் பம்பாய் ஓவியர் பாஸ்கர் குல்கர்னி சிற்றூர்களுக்குச் சென்று காகிதம் வழங்கினார். சுவரோவியம் காகிதத்திற்கு வந்தது. அடுப்பெரிய அதுவே துணையாயிற்று. ஓவியத்தின் அடியில் வரைந்தவரின் பெயரும் இடம்பெறலாயிற்று. 1975-இல் ஜகதம்பா தேவி பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆயின், விலைக்கு வரையும்போது மரபு நலிந்துவிடாதா என்று நாம் கேட்கலாம். அதற்கு விடையாக அமைவது கங்கா தேவியின் வாழ்வு. கணவர் மறுமணம் செய்துகொண்டமையால் இல்லற வாழ்வை இழந்தவர் அவர். அவரே பிறப்பு முதலாகச் சிற்றூர் வாழ்வின் சடங்குகளையெல்லாம் ‘மானவ ஜீவன்’ என்னும் ஓவிய வரிசையில் நுண்ணிய கோடுகளால் தீட்டினார். தமக்குக் கிட்டாத வாழ்வை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. பொருளுணர்ந்து பதிவு செய்தார். 1985-இல் அமெரிக்கா சென்றபோது, அங்குக் கண்டவற்றையும் அதே கோடுகளால் வரைந்தார். புற்றுநோயுற்ற நிலையிலும் தில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு கோஹ்பர் அறையைத் தீட்டினார். 1991-இல் அவர் மறைந்தார்.

அவ்வறையின் ஓவியம் 2015-இல், அருங்காட்சியகச் சீரமைப்பின்போது அழிக்கப்பட்டது. பூகம்பம் செய்ததை இம்முறை மனிதர் கையே செய்தது. அவ்வோவியத்தை இனி மீட்க இயலாது, அவ்விழப்பு இழப்பே.

எனினும் கலை நின்றுவிடவில்லை. மீனவர் குலத்திற் பிறந்த துலாரி தேவி, ஓவியர் இல்லத்தில் வீட்டுவேலை செய்துகொண்டே இக்கலையைக் கற்று, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குலத்திற்குள் அடங்கியிருந்த கல்வி, அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் உரியதாயிற்று. அங்ஙனம் விரிந்ததனாலேயே அது வாழ்கின்றது.

மாநகர அடுக்குவீட்டு வாயிலில், இடமின்மையால் சிறு கோலமிடும் நம் இல்லத்துப் பெண்டிரை இங்கே நினைத்துப் பார்க்கின்றோம். அக்கோலமும் அன்றாடம் அழிவதே. அதனை நம் மகளுக்கும் மகனுக்கும், விரும்பிக் கேட்கும் அண்டைவீட்டுக் குழந்தைக்கும் கற்பிப்போமாயின், மறுநாட் காலையில் அதனை இட ஒரு கை இருக்கும்.