கந்தோரும் வீடும்

ஈழத்து மக்கள் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் இது. கணக்கு எழுதும் மேசையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லே ஒல்லாந்த மொழியிற் புகுந்து, துறைமுகங்களின் வழியாக நம் வாய்மொழியிலும் கலந்தது. பின்வந்த ஆங்கிலேயர் ஆட்சியில் 'கச்சேரி' என்ற இன்னொரு சொல் நிலைபெற்றது. இரண்டும் அதிகாரத்தோடு வந்த சொற்கள். 'வீடு' மட்டுமே நமது சொந்தச் சொல். 'விடு' என்னும் வினையடியிற் பிறந்து, விடுதலையையும் குறிக்கும் சொல்.

வீட்டைப் போன்ற அலுவலகம் வேண்டும் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. மெத்தை இருக்கைகளும் பூந்தொட்டிகளும் வேண்டியவாறு நகர்த்தக்கூடிய மேசைகளும் அதன் இலக்கணமாகக் காட்டப்படுகின்றன. நல்லது. ஆனால், அது யாருடைய வீடு என்று வரலாற்றைக் கேட்க வேண்டாமா?

திருக்கோணமலைத் துறைமுகத்தைப் பார்ப்போம். 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரும், 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும் இங்குள்ள கோட்டையைக் கைப்பற்றினர். 1800ஆம் ஆண்டின் இறுதியில் படையெடுப்புக்கு ஆயத்தஞ் செய்ய வந்த ஆர்தர் வெல்லெஸ்லியின் பெயரால் கோட்டையினுள்ளே இன்றும் ஒரு மாளிகை வழங்குகிறது. அத்தகைய மாளிகைகளிலும் பங்களாக்களிலும் உயர்ந்த கூரை உண்டு; அகன்ற விறாந்தை உண்டு; கடற்காற்று உண்டு. அதிகாரி அங்கேயே உண்பான், உறங்குவான், ஆணையும் பிறப்பிப்பான். ஆள்வோனுக்குக் கந்தோர் என்றுமே வீடாகத்தான் இருந்தது. சில வாரங்களே தங்கிச் சென்றவரின் பெயர் கட்டடத்தில் நிலைத்துவிட்டது. இரு உலகப் போர்களுக்கும் இடையே சீனன்குடாவில் 101 எண்ணெய்த் தாங்கிகளை எழுப்பிய உழைப்பாளிகளோ பெயரற்றுப் போயினர்.

ஊழியனுக்கும் கந்தோர் வீடானது உண்டு. அதன் கதை வேறு. வங்கக் கடலின் மறுகரைத் துறைமுகங்களில், குறிப்பாகச் சிங்கப்பூரில், நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் இடம். அங்கே ஒரு பெட்டி, ஒரு தாழ்ந்த மேசை, தரையில் ஒரு பாய். பகலிற் கணக்கெழுதிய இடமே இரவிற் படுக்கை. ஒரே கூடம் வேளைக்கு வேளை உருமாறியது! புதுமை என்று இன்று விற்கப்படும் 'நெகிழ்வான பணியிடம்' இதனினும் வேறானதா? ஆயினும் அங்கே தங்கிய கணக்கப்பிள்ளையின் மனைவி மக்கள் செட்டிநாட்டில் இருந்தனர். அவன் ஊர் திரும்ப ஏறத்தாழ மூன்றாண்டுகள் செல்லும். கந்தோர் வீடாயிற்று, வீடோ கடலுக்கு அப்பாலாயிற்று.

இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்கள் தொழிலாளரே. எனவேதான் அவர்கள் மெத்தை கேட்கவில்லை, நேரம் கேட்டார்கள். 1919இல் சர்வதேசத் தொழில் அமைப்பின் முதலாவது சமவாயம் தொழிற்சாலைகளுக்கு எட்டு மணி நேர வேலைநாளை வகுத்தது. இலங்கையில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி என்று எல்லை கட்டியது. கந்தோரின் கதவை மாலையில் மூடிய சட்டம் அது. வீட்டின் கதவைத் திறந்த சட்டமும் அதுவே.

கட்டடக் கலையும் இக்கேள்வியிலிருந்து தப்பவில்லை. அமெரிக்காவில் ராபர்ட் புரோப்ஸ்ட் 1960களில் நகர்த்தத்தக்க தடுப்புகளையும் மேசைகளையும் வகுத்தார். ஊழியன் தன் இடத்தைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் நோக்கம். முதலாளிகள் அவற்றைக் கொண்டே ஆட்களை நெருக்கி அடைக்கும் சிறு கூண்டுகளைச் செய்தனர். 'கந்தோர்' என்ற சொல்லைத் தந்த ஒல்லாந்து நாட்டிலோ, 1972இல் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் அப்பெல்டூர்ன் நகரில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்குக் கட்டடம் எழுப்பினார். வெறுங் கற்சுவர்களை வேண்டுமென்றே முற்றுப்பெறாமல் விட்டார். ஊழியர் தம் வீட்டுச் செடிகளையும் படங்களையும் கொணர்ந்து அவற்றை நிறைவுசெய்தனர். பொருள் ஒன்றே, உரிமை யார் கையில் என்பதே விளைவைத் தீர்மானித்தது.

2020இல் பெருந்தொற்று வந்தபோது கந்தோரும் வகுப்பறையும் நம் வீட்டுக்குள்ளேயே நுழைந்தன. அடுப்படியில் நின்றபடி பாடம் நடத்திய ஆசிரியைகளை நாம் அறிவோம். வீட்டைப் போன்ற கந்தோரைப் புகழ்வோர், கந்தோராகிப்போன வீட்டைப் பற்றியும் பேசவேண்டும்.

நம் முன்னோரின் திண்ணை இதற்கு ஒரு வழிகாட்டி. அங்கே பள்ளி நடந்தது, வழிப்போக்கன் இளைப்பாறினான், வழக்குகள் பேசப்பட்டன. எனினும் திண்ணைக்கும் உள்வீட்டுக்கும் இடையே ஒரு நிலைப்படி இருந்தது. சாதி பார்த்து ஆளை நிறுத்திய திண்ணை நமக்கு வேண்டா. வேலைக்கும் வாழ்வுக்கும் எல்லை வகுத்த நிலைப்படி வேண்டும். நாளை கந்தோர்களில் அமரப்போகும் மாணவர்களே! அழகிய இருக்கையைக் காட்டினால் மகிழுங்கள். அதனை நகர்த்தும் உரிமை எவருக்கு, எழுந்து செல்லும் நேரம் எது என்பவற்றையும் உடனே கேளுங்கள்.