இழுதுமீன் பெருக்கம்

சொறிமீன் என்றும் வழங்கும் இழுதுமீன், பெயரளவில்தான் மீன். முதுகெலும்பும் மூளையும் இல்லாத இவ்வுயிரி 50 கோடி ஆண்டுகளாகக் கடலில் இருந்துவருகிறது. திடீரெனத் திரளாகத் தோன்றி, தோன்றிய வேகத்தில் மறைவது இதன் இயல்பு. அதற்கான விளக்கத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் வழிவகுத்தவர் நார்வேயின் மிக்கேல் சார்ஸ். பாறையில் ஒட்டி வாழும் ஏதோ தனி உயிரினம் என்று கருதப்பட்ட சிறு பாலிப், இழுதுமீனின் இளம்பருவமே என்று அவர் காட்டினார். சில மில்லிமீட்டர் உயரமே உள்ள அது, காலம் வாய்த்ததும் குறுக்குவாட்டில் வரிவரியாகப் பிளந்து, அடுக்கிவைத்த தட்டுகள்போல் ஆகிறது. பிறகு மேல்தட்டு தொடங்கி ஒவ்வொன்றாகக் கழன்று நீந்திப்போகின்றன. அவற்றை ஈன்ற பின்னும் பாலிப் பெரும்பாலும் சாவதில்லை. ஆகவே இழுதுமீன் கண்ணில் படாத ஆண்டுகளிலும் அது அந்தக் கடலில் இருக்கக்கூடும். இன்று பாறைக்கு ஈடாகத் துறைமுகச் சுவர்களும் எண்ணெய்க் கிணற்று மேடைகளும் பாலிப்புக்கு இடம் தருகின்றன.

கடல் சூடாவதால் இழுதுமீன் பெருகுகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. நன்கு ஆராயப்பட்ட இடங்களைப் பார்த்தால், வெப்பத்துக்கு முன்னால் மீன்பிடி வலை நிற்கிறது. நமீபியக் கடலில் 1960களின் இறுதியில் மத்தி ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பிடிக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் அந்த வளம் சரிந்தது. 2003இல் நடந்த கணக்கெடுப்பு, மீன் 36 லட்சம் டன், இழுதுமீன் 122 லட்சம் டன் என்று மதிப்பிட்டது. மத்தியும் இழுதுமீனும் ஒரே மிதவை உயிரிகளையே தின்பவை. ஒன்று காலி செய்த பந்தியில் மற்றது உட்கார்ந்தது. நமீபியக் கரையைப் போலவே பெங்குவேலா நீரோட்டம் தழுவும் தென்னாப்பிரிக்கக் கரையில் மத்தி, நெத்திலி பிடிப்பு கட்டுக்குள் வைக்கப்பட்டது; அங்கே இப்படியொரு பெருக்கம் நேரவில்லை.

கருங்கடலை இதற்கு மறுப்பாகக் காட்டுவோர் உண்டு. அமெரிக்கக் கரையிலிருந்து கப்பலின் நிலைப்பு நீரோடு வந்த நீமியாப்சிஸ், நெத்திலியின் முட்டையையும் குஞ்சையும் தின்று அதன் வளத்தைக் குலைத்தது என்பது அவர்கள் வாதம். (அது உண்மையில் சீப்புயிரி, இழுதுமீனுக்குத் தூரத்து உறவுதான்.) தின்றது உண்மை. ஆனால் 1982இல் தென்பட்ட அது பெருந்திரளானது 1980களின் இறுதியில். அதற்கு முன்பே அங்கே பெரிய மீன்களும் ஓங்கில்களும் பிடித்துத் தீர்க்கப்பட்டிருந்தன. டான்யூப் ஆறு வயல் உரத்தைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. நீமியாப்சிஸையே இரையாகக் கொள்ளும் பெரோயி என்ற இன்னொரு சீப்புயிரி 1997இல் வந்து சேர்ந்ததும் அதன் எண்ணிக்கை இறங்கியது. வெப்பம்தான் தலையாய காரணமென்றால் இந்த இறக்கத்துக்கு விளக்கம் கிடைக்காது.

உலக அளவிலான கணக்கில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. 45 கடற்பகுதிகளை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டு ஆய்வு, 28இல் பெருக்கத்தையும் 3இல் மட்டும் குறைவையும் கண்டது. மறுஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, 1874 முதலான பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து, சுமார் 20 ஆண்டுக்கொரு முறை ஏறியிறங்கும் சுழற்சியே முதன்மையானது என்றது; 1970க்குப் பிந்தைய ஏற்றம் சிறிதுதான். இரண்டாவதே நம்பத்தக்கது என்று தோன்றினாலும், அதை வைத்து நமீபியாவில் நடந்ததை இயற்கைச் சுழற்சி என்று தள்ளிவிட முடியாது. உலகச் சராசரியில் மூழ்கிப்போவது ஒரு கடலின் முழுச் சரித்திரமாக இருக்கலாம். ஜப்பானில் வலைகளைக் கிழித்த நோமுரா இழுதுமீன் இரண்டு மீட்டர் அகலமும் 200 கிலோ எடையும் எட்டக்கூடியது. 20ஆம் நூற்றாண்டில் அரிதாகவே படையெடுத்த அது 2002க்குப் பின் பல ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. இங்கே சூடேற்றத்துக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அந்த இழுதுமீன் வளரும் சீனக் கரையோரம் உரக் கழிவும் மிகைமீன்பிடிப்பும் மிகுந்த இடமாயிற்றே.

இழுதுமீன் நிறைந்த கடல் மீளாது என்பதும் முழு உண்மையன்று. நமீபியாவில் உளுவை வகை மீனொன்று இழுதுமீனைத் தின்கிறது. அந்த உளுவையை ஹேக் மீன் தின்கிறது. இப்படி இழுதுமீனும் மீனுக்கு உணவாகிறது. ஆனால் மத்தி பழைய நிலைக்கு வரவில்லை. 2018இல் நமீபிய அரசு அதைப் பிடிப்பதற்கே தடை விதித்தது.