கொயோட்டிக்கு எந்தத் துவக்கு? ஒரு சின்ன எண்ணின் பெரிய கதை

நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், ரொறன்ரோவில் குளிர்காலத்தில் எந்த பஸ் தரிப்பில் நின்றாலும் ஒரு கனடா கூஸ் ஜாக்கெட் கண்ணில் படும். தலைமூடியின் விளிம்பில் சாம்பலும் பழுப்பும் கலந்த அடர்ந்த மயிர் இருக்கும். அது எந்த மிருகத்தின் மயிர் என்று நான் யோசித்ததே இல்லை. அது கொயோட்டியின் மயிர்.

சில வருடங்களுக்கு முன் வேலை விஷயமாக அல்பேர்ட்டாவுக்குப் போனேன். அங்கே கூட வேலை செய்த ஒருவர் ஆட்டுப் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு மதியச் சாப்பாட்டில் அவரும் இன்னொருவரும் அரை மணி நேரம் ஒரே விஷயத்தைத்தான் விவாதித்தார்கள்: கொயோட்டிக்கு .223 போதுமா, 22-250 வேண்டுமா? எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் செய்த எனக்கு அந்த எண்கள் ஒன்றும் விளங்கவில்லை. இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். "உவை வீட்டில துவக்கு வச்சிருக்கினமோ?" என்று கேட்டார். பிறகு பேச்சை மாற்றிவிட்டார்.

எங்கள் வீடுகளில் துவக்கு என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்கிறது. அது உங்களுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் வாழ வந்த இந்தக் கண்டத்தில் அதற்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அன்றைக்கு விளங்காத அந்த எண்களைத் தேடிப் படித்தபோதுதான் அது எனக்குத் தெரிய வந்தது.

முதலில் எண்ணைப் பார்ப்போம். கலிபர் என்பது துவக்குக் குழலின் உள்விட்டம். அதை அங்குலத்தில் சொல்வார்கள். .22 என்றால் ஏறத்தாழ 5.6 மில்லிமீற்றர். ஆனால் பெயரை அப்படியே நம்பக் கூடாது. .220 ஸ்விஃப்ட், .222 ரெமிங்டன், .223 ரெமிங்டன், 22-250 ஆகிய நான்கின் சன்னமும் ஒரே தடிமன்தான்: 0.224 அங்குலம். வித்தியாசம் சன்னத்துக்குப் பின்னால், தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதில்தான். ஆகவே கலிபரைத் தேர்ந்தெடுப்பது என்று பேச்சுக்குச் சொன்னாலும், உண்மையில் தேர்ந்தெடுப்பது தோட்டாவை.

1920-களில் அமெரிக்க விவசாயிக்கு இருந்த தெரிவுகள் இரண்டு. ஒன்று சின்ன .22. அது முயலுக்குச் சரி, தூரத்தில் நிற்கும் கொயோட்டியைக் காயப்படுத்தத்தான் உதவும். மற்றது மான் வேட்டைத் துவக்கு. அதன் சத்தமும் பெரிது, செலவும் பெரிது, சன்னமும் நெடுந்தூரம் போகும். இந்த இடைவெளியை நிரப்ப ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையைச் சேர்ந்த சிலர் முயன்றார்கள். கேர்னல் டவுன்சென்ட் வீலன் அவர்களில் ஒருவர். அதன் விளைவுதான் .22 ஹோர்னெட். வின்செஸ்டர் நிறுவனம் 1930-இல் அந்தத் தோட்டாவை விற்கத் தொடங்கியபோது, அதற்கான துவக்கு எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் இன்னும் வந்திருக்கவில்லை. அவ்வளவுக்கு அது தேவைப்பட்டிருந்தது. நரிக்கு இன்றும் அது போதுமான தோட்டா.

பிறகு வேகத்தின் மேல் ஆசை வந்தது. 1935-இல் வந்த .220 ஸ்விஃப்டின் சன்னம் வினாடிக்கு 4,000 அடிக்கு மேல் பறந்தது. பள்ளியில் படித்த சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? இயக்க ஆற்றல் நிறையோடு நேராகவும், வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. பாதையும் தட்டையாக இருப்பதால் தூரத்தைக் கணிப்பதில் சின்னப் பிழை வந்தாலும் குறி தப்பாது. ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. ஸ்விஃப்ட் குழலைச் சீக்கிரம் தின்றுவிடும் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

அதே 30-களில் சில துவக்குத் தச்சர்கள் வேறு வழியில் போனார்கள். 1915-இல் சார்ள்ஸ் நியூட்டன் வடிவமைத்த .250 சவேஜ் தோட்டாவின் கூட்டை எடுத்து, அதன் கழுத்தை ஒடுக்கி, .22 சன்னத்தைப் பொருத்தினார்கள். 22-250 என்ற பெயரின் ரகசியம் இதுதான். ஏறத்தாழ முப்பது வருடம் பட்டறைகளிலேயே வாழ்ந்த அந்தத் தோட்டாவை 1965-இல் ரெமிங்டன் தன் பட்டியலில் சேர்த்தது. திறந்த புல்வெளியில் 300 மீற்றருக்கு அப்பால் நிற்கும் கொயோட்டிக்கு இன்றும் பலர் இதைத்தான் சொல்வார்கள்.

இடையில் 1950-இல் ரெமிங்டனின் மைக் வோக்கர் .222-ஐ முற்றிலும் புதிதாக வரைந்தார். அமைதியானது, உதைப்பு குறைவு, துல்லியத்துக்குப் பெயர் போனது. இந்த இடத்தில்தான் கதை எங்கள் பக்கம் திரும்புகிறது. 1950-களின் பின்பகுதியில் அமெரிக்க இராணுவம் எடை குறைந்த ஒரு துவக்கைத் தேடியது. 500 யார் தூரத்தில் இரும்புத் தொப்பியைத் துளைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காக அந்த நரித் தோட்டாவின் கூட்டைக் கொஞ்சம் நீட்டினார்கள். அப்படிப் பிறந்ததுதான் .223. வியட்நாமுக்குப் போன எம்-16 துவக்கின் 5.56 தோட்டா அதன் இரட்டைப் பிறவி. இராணுவம் பெருந்தொகையில் வாங்கியதால் தோட்டா மலிந்தது. மலிந்ததால் பண்ணைகளுக்கும் திரும்பி வந்தது. இன்றைக்கு கொயோட்டி வேட்டையில் மிகச் சாதாரணமான தெரிவு .223. ஆட்டுப் பட்டியைக் காப்பதும் மனிதரைத் துரத்துவதும் ஒரே பித்தளைக் கூடு. அப்பா பேச்சை மாற்றியது ஏன் என்று இதைப் படித்தபோது எனக்கு இன்னும் நன்றாக விளங்கியது.

1970-களில் தோலின் விலை ஏறியது. கொயோட்டி, செந்நரித் தோல்களுக்கு நல்ல காசு கிடைத்தது. அப்போது கேள்வியே மாறிவிட்டது. கொன்றால் மட்டும் போதாது, தோலில் ஓட்டையும் பெரிதாக இருக்கக் கூடாது. 1971-இல் வந்த .17 ரெமிங்டனின் சன்னம் 25 கிரெய்ன், அதாவது 1.6 கிராம்தான். ஊசி போல் உள்ளே போய் அங்கேயே சிதறும், பெரும்பாலும் மறுபக்கம் வராது. ஆனால் காற்றடித்தால் இலேசான சன்னம் விலகிவிடும். அந்த நேரங்களில் 1955-இல் வந்த, கனமான சன்னம் கொண்ட .243 வின்செஸ்டர் கை கொடுக்கும். ஆனால் அது தோலைக் கிழித்துவிடும். 2004-இல் வந்த .204 ரூகர் இந்த இரண்டுக்கும் நடுவில் வழி தேடியது. 80-களின் இறுதியில் தோல் சந்தை விழுந்தது. பிறகு அந்த ஜாக்கெட் விளிம்புகளால் கொயோட்டித் தோலுக்கு மறுபடி மவுசு வந்தது. 2021-இல் அந்த நிறுவனம் இனி மயிர்த்தோல் பாவிப்பதில்லை என்று அறிவித்தது.

ஆக, "எது சிறந்தது?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. நரியின் எடை நான்கைந்து கிலோ. கொயோட்டி பத்து முதல் இருபது கிலோ வரை வரும். எவ்வளவு தூரம், காற்று எப்படி, பின்னால் வீடு இருக்கிறதா, தோல் வேண்டுமா என்று கேட்டால்தான் பதில் வரும். எங்கள் துறையில் தேவையை எழுதாமல் மென்பொருள் எழுதத் தொடங்கக் கூடாது என்பார்கள். இதுவும் அப்படித்தான். அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் எல்லோரும் ஒத்துப்போவது ஒரு விஷயத்தில்: மிருகம் துடிக்காமல் உடனே சாக வேண்டும். அதற்கு எண்ணைவிட சன்னத்தின் வகையும் சுடுபவரின் பயிற்சியும் முக்கியம். லைசென்ஸ் இல்லாமல் இங்கே துவக்கை வைத்திருக்கவே முடியாது என்பதும், எந்த மிருகத்துக்கு எந்தக் கலிபர் என்ற விதி மாகாணத்துக்கு மாகாணம் வேறு என்பதும் வேறு விஷயம்.

இவ்வளவு தோட்டா வந்தும் கொயோட்டி குறையவில்லை என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் வேடிக்கை. அமெரிக்க அரசு 1931-இல் தனிச் சட்டமே போட்டு, பொறியும் நஞ்சும் துவக்குமாக அதை விரட்டியது. 1972-இல் ஜனாதிபதி நிக்சன் கூட்டரசு நிலங்களில் நஞ்சைத் தடை செய்தார். ஓநாய்கள் அழிந்த இடங்களைக் கொயோட்டி நிரப்பியது. மேற்குப் புல்வெளியில் வாழ்ந்த மிருகம் இன்று ஹவாய் தவிர்ந்த எல்லா அமெரிக்க மாநிலங்களிலும், ரொறன்ரோவின் பள்ளத்தாக்குகளிலும் இருக்கிறது. அடுத்த தடவை ஸ்காபரோவில் நாயோடு நடக்கும்போது நீங்களே பார்க்கலாம்.

இன்னொன்று. இலங்கையில் நாங்கள் நரி என்று சொல்வது உண்மையில் குள்ளநரி. அது செந்நரியைவிடக் கொயோட்டிக்குத்தான் நெருங்கிய சொந்தம். போன மாதம் இதை அப்பாவிடம் சொன்னேன். இந்த முறை பேச்சை மாற்றவில்லை.

"எங்கட ஊரிலயும் நரி வந்து கோழி பிடிக்கும்" என்றார்.

"நீங்கள் என்ன செய்வியள்?"

"தகரத்தில தட்டுவம். ஓடீடும். அடுத்த நாள் கூட்டை நல்லாப் பூட்டுவம்."