களியக்காவிளை: எல்லையும் தொற்றுநோய்த் தடுப்பும்

களியக்காவிளை, நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஏறக்குறைய நடுவழியில் அமைந்த எல்லை ஊர். கேரளத்தில் நோய் பரவுவதாகச் செய்தி வந்தால் தமிழக அரசு சோதனையைக் கடுமையாக்கும் இடங்களுள் இவ்வூர்ச் சாவடியும் ஒன்று. இவ்வூர் மாநில எல்லையானது 1956 நவம்பர் 1 அன்றுதான். அதற்கு முன் இருபுறமும் திருவிதாங்கூர் மண். அங்கே 1813-இல் பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்தும் பணி தொடங்கியது; 1879-இல் அரசு ஊழியர், மாணவர், சிறைக்கைதிகளுக்கு அது கட்டாயமாயிற்று. இன்று தமிழகத்தில் உள்ள விளவங்கோட்டுக்கும் கேரளத்தில் உள்ள நெய்யாற்றின்கரைக்கும் அன்று ஒரே ஆணைதான். மொழிவழிப் பிரிவினை தமிழர்கள் போராடிப் பெற்றது. அதன் நியாயத்தில் ஐயமில்லை. ஆனால் நோய்த்தடுப்பு நிர்வாகம் இரண்டானபோதும், மருத்துவத்துக்கும் வேலைக்கும் சந்தைக்கும் மக்கள் போய்வரும் வழி ஒன்றாகவே இருந்தது.

சாவடியில் நோயை மறிக்க முடியுமா என்பது நோயைப் பொறுத்தது. பெரியம்மை முகத்திலேயே தெரிந்தது, மனிதரைத் தவிர வேறு உயிரில் தங்கவில்லை, தடுப்பூசியும் இருந்தது; அதை மறிக்க வழி இருந்தது. ஜிகா அப்படியல்ல. 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா தொற்று உறுதியானது, களியக்காவிளையை ஒட்டிய பாறசாலையில். ஜிகா தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றாது; பரப்புவதோ பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு. நெற்றியில் நீட்டும் வெப்பமானி இங்கே எதைப் பிடிக்கும்? நிபா வைரஸிலும் தொற்றியபின் காய்ச்சல் வர 4 முதல் 14 நாள் ஆகலாம். அதற்குள் ஒருவர் சாவடியைப் பலமுறை கடந்துவிடுவார். கொரோனா காலத்தில் நெடுஞ்சாலையில் இ-பாஸ் கேட்டார்கள், ஊடுவழிகளை அடைத்தார்கள். கூட்டம் குறைந்தது, பரவல் தாமதப்பட்டது என்பார்கள். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தாமதத்தால் கிடைக்கும் நாட்களில் செய்ய வேண்டிய வேலை, இருபுறத்துக் காய்ச்சல் கணக்கையும் ஒருசேரப் பார்ப்பது. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் தகவல் மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கும், அங்கிருந்து தில்லிக்கும் மேல்நோக்கிப் போகிறது. பக்கத்து மாவட்டத்துக்கு நேராகப் போகும் வழி அந்த அமைப்பின் மையத்தில் இல்லை.

பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது; மாவட்டங்கள் தாமாகப் பேசிக்கொண்டால் மாநில அதிகாரம் குலையும் என்பது ஓர் எதிர்வாதம். ஆனால் அரசியலமைப்பே இதற்கு இடம் வைத்திருக்கிறது: தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலின் 29-ஆவது இனம். நாகர்கோவிலின் டெங்கு எண்ணிக்கையை நெய்யாற்றின்கரை அன்றே அறிவதால் எந்த மாநிலத்தின் உரிமையும் குறையாது. கொசு மருந்து அடிக்கும் நாளை இருபுறமும் சேர்ந்து குறிப்பதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை.