எழுத்துரு மாறிய காலம்

புதிய இயங்குதளம் வெளிவரும்போதெல்லாம் அதன் வேகத்தை வியக்கிறோம். பழைய கோப்புகளின் கதியை எண்ணுவதில்லை. தமிழ்க் கணிமையின் வரலாறு நம்மை எண்ண வைக்கிறது.

1990களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனத் தனிக் குறியீட்டைக் கொண்டிருந்தன. ரோமன் எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் அமர்த்தப்பட்டன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திருக்குறளும் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகவே தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. இணைய ஆர்வலர் பலர் திஸ்கியைக் கைக்கொண்டனர். யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்திருந்தது. ஆயினும் மைக்ரோசாப்டின் இயங்குதளங்களுள் விண்டோஸ் 2000 வெளிவந்த பின்னரே அதற்கு ஆதரவு கிட்டியது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றதோ 2010இல்தான்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், தாம் தட்டெழுதிய நூல்களைத் திஸ்கிக்கும் பின்னர் யூனிகோடுக்கும் மாற்றினர். ஏடு செல்லரிக்குமுன் படியெடுத்து வைத்த முன்னோரின் பணியே அது. செல்லரித்த ஏட்டில் எழுத்து அழிந்தது. மாற்றுவாரற்ற கோப்பிலோ எழுத்து முழுதும் இருந்தும் படிக்க வழியில்லை.

நம் வீட்டுப் பழைய வட்டுகளிலும் அத்தகைய கோப்புகள் உறங்கக்கூடும். அடுத்த கணினி வாங்குமுன் அவற்றை எழுப்புவோம்.